காணாமல் போகக் கூடாது என்றவர்

திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது அலைபேசி அடித்தது. கண்ணமங்கலத்திலிருந்து வளர்மதி மேடத்தின் தம்பி. "அக்கா போய்ட்டாங்க சார். டீ குடிச்சிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க."

ஜவ்வாது மலையில் நானும் மேடமும் வேலை பார்த்த இணைய சேவை மையத்தில் இருப்பது ஒரே ஒரு கிழட்டு லினக்ஸ் கணினி. அதன் நினைவகம் சின்னது. அது நிறைந்ததும் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும், வேண்டும்போது எடுத்துவரும். அதுவரை மவுஸ் அசையாது, சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். வரிசையில் நிற்பவர்கள் என்னை முறைப்பார்கள். நான் பவர் பட்டனை அமுக்கப் போவேன். மேடம் கையால் மறைத்துக்கொள்வார். "இன்னா சார் அவசரம்? லைட்டு மினுக்குதில்ல, வேல செய்யுது."

ஒருநாள் என் பொறுமை போயிற்று. வேலூரில் யாரோ சொன்னதைக் கேட்டு, மேடத்திடம் சொல்லாமல் ஸ்வாப்பையே அணைத்துவிட்டேன். இரண்டு நாள் கணினி பறந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண்ணுக்கு மேடம் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். அன்றுதான் கடைசி நாள். நினைவகம் நிறைந்தது, மிச்சத்தை வைக்க இடமில்லை. கணினி பிரவுசரையே மூடிவிட்டது. தட்டியதெல்லாம் போயிற்று.

"இன்னாம்மா ஆச்சி? எம் பொண்ணுக்கு சீட்டு போச்சா?" உழவை விட்டுவிட்டு வந்திருந்த தகப்பனார் எழுந்து நின்றார்.

திரையைப் பார்த்ததுமே மேடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என் தப்புதாண்ணா, உக்காருங்க" என்றார். ஸ்வாப்பை மறுபடி போட்டு, திரையில் திறந்திருந்த மற்ற ஜன்னல்களை மூடி, முதலிலிருந்து தட்டினார். கணினி நின்றபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு இடமும் கிடைத்தது.

அவர்கள் கிளம்பியபிறகு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "மெதுவா போனா பரவால்ல சார். சொல்லாம கொள்ளாம காணாம மட்டும் போவக்கூடாது."

பிறகு, நினைவகம் கிட்டத்தட்ட நிறையும்வரை ஸ்வாப் பக்கம் போகாதபடி அமைப்பை மாற்றிவைத்தார். வேண்டாத ஜன்னல்களை மூடுவது என் பொறுப்பாயிற்று. அதன்பின் கணினி அவ்வளவாகத் தொல்லை கொடுக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்று நானே சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடித்துவந்து அதே கணினியில் இதைத் தட்டுகிறேன். உடம்பும் மனதும் ஓய்ந்து கிடக்கின்றன. பக்கத்து நாற்காலி காலி. சற்றுமுன் மவுஸ் நின்றுவிட்டது. பட்டன்வரை போன கை தானாகத் திரும்பியது. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, காத்திருந்தேன், கணினி திரும்பி வந்தது.

எனக்குச் சொன்னதை நீங்களே கேட்கவில்லையே மேடம். போய் வாருங்கள்.