ஐந்தாவது எங்கிருந்து வந்தது

ஃப்ளோராவுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோனவர்கள் ராயபுரத்தில் நிறையப் பேர் உண்டு. முதல் ஆள், ஞானோபதேச வகுப்பு எடுத்த சாமியார். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த கதையைச் சொல்லி, மீதியைப் பன்னிரண்டு கூடைகளில் நிரப்பினார்கள் என்று முடித்திருக்கிறார். மற்றப் பிள்ளைகள் அப்பம் பெருகியதை நினைத்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, சின்னப் பெண்ணான ஃப்ளோரா எழுந்து, "சாமி, அந்தக் கூடைங்க யாருது?" என்று கேட்டாளாம். கையில் சாப்பாடே இல்லாமல் வந்தவர்கள் காலிக் கூடையை மட்டும் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது அவளுடைய சந்தேகம். சாமியார் அவளை முட்டி போடச் சொன்னார். முட்டி போட்டபடியும் கூடையைப் பற்றித்தான் யோசித்தேன் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அம்மா வியாகுலம்மாளுக்கு இது பெரிய கவலை. "இவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு எவன் குடும்பம் நடத்துவான்?" என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய அப்பா அம்புரோஸ் மட்டும் மகளின் கேள்வியை ரசிப்பார். ரசிப்பாரே தவிர அவருக்கும் பதில் தெரியாது.

எனக்கு அவளைத் தெரிந்தது மாலைக் கல்லூரியில். என் பெயர் வெள்ளத்துரை. டோல்கேட்டில் எங்களுக்குப் பருப்பு மண்டி. பகலில் மண்டியில் மூட்டை எண்ணு, சாயங்காலம் படிப்போ கூத்தோ உன் பாடு என்று அப்பா சொல்லிவிட்டார். பருப்பு மூட்டைக்கு நடுவே உனக்கு எதற்குக் கெமிஸ்ட்ரி என்று யாரும் கேட்க வேண்டாம். காமர்ஸில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. வேலை முடிந்து வருகிறவர்கள் எப்படியும் தாமதமாகத்தான் வருவோம் என்பதால், ஆய்வுக்கூடத்தில் எங்களைக் கடைசி மேஜையில் போட்டுவிட்டார்கள். அந்த மேஜையில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஃப்ளோரா.

திருவொற்றியூரில் ஓர் எனாமல் பாத்திரக் கம்பெனியில் அவள் அப்ரண்டிஸ். வெள்ளைத் தட்டு, சுற்றிலும் நீல விளிம்பு. அந்தத் தட்டு இல்லாத வீடு அன்றைக்கு எங்கள் பக்கம் கிடையாது. தொழிற்சாலைகள் இத்தனை அப்ரண்டிஸ்களை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். அப்படி எடுத்த கூட்டத்தில் ஃப்ளோரா ஒருத்திதான் பெண். லேப் உதவியாளர் பயிற்சி என்று பெயரே தவிர, சில மாதம் லேப், சில மாதம் சூளை, சில மாதம் எடை ரூம் என்று கம்பெனி முழுக்கச் சுற்றவிட்டார்கள்.

இந்த இரட்டைப் பிழைப்பு எங்களுக்கெல்லாம் பாரம். நான் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். ஃப்ளோராவுக்கோ அது இரண்டு கடையில் ஒரே நேரத்தில் கணக்கு வைத்ததுபோல் ஆகிவிட்டது. இங்கே கிடைக்காத பதிலை அங்கே கேட்பாள், அங்கே கிடைக்காததை இங்கே கேட்பாள். தட்டின் விளிம்பில் மட்டும் ஏன் நீலம் பூசுகிறார்கள், நடுவில் பூசினால் என்ன என்று லெக்சரரிடம் கேட்டாள். அது சிலபஸில் இல்லை என்றார் அவர். வெண்காரம் சேர்த்தால் எனாமலுக்கான கண்ணாடி சீக்கிரம் உருகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, ஏன் என்று கம்பெனி கெமிஸ்ட் கலீலுல்லாவிடம் கேட்டாள்.

"உருகுதா, இல்லியா?" என்றாராம் அவர்.

"உருகுது சார்."

"அப்புறம் இன்னா? போய் எடை போடு."

கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'காலேஜ்'. காலேஜில் அவளுக்குப் பட்டப்பெயர் 'எனாமல்'. இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

கலீலுல்லா எரிந்து விழுவாரே தவிர நல்ல மனுஷன். கடைசி வருஷம் அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். டிகிரி கையில் இருந்தால் மேனேஜரிடம் லேபில் ஓர் இடம் கேட்டு வாங்கித் தர முடியும். இல்லாவிட்டால் பயிற்சி முடிந்ததும் பேக்கிங் பகுதிதான், வைக்கோல் சுற்றித் தட்டு அடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு அவளுக்குக் கஷ்டமில்லை. பிராக்டிகலில் கோட்டைவிட்டால் மொத்தமும் போச்சு. அன்றைக்குத்தான் அவள் பயந்து நான் பார்த்தேன்.

"பேக்கிங்ல கேக்கறதுக்கு இன்னா கீது தொரை?" என்றாள். "வைக்கோலு ஏன் மஞ்சளா கீதுன்னா? அத்த ஒரு நாள் கேக்கலாம். மறுநாள் இன்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பிராக்டிகல் தேர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி தருவார்கள். இரண்டு உப்புகளைக் கலந்த பொடி அது. ஓர் உப்பில் இரண்டு கூறுகள், ஆக மொத்தம் நான்கு. அமிலம் ஊற்றி, சூடாக்கி, முகர்ந்து, நிறம் பார்த்து அந்த நான்கையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். பொடியைக் கலந்து வைப்பவர் ஆய்வுக்கூட அட்டெண்டர் உச்சிமாகாளி. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், நாங்கள் அண்ணாச்சி என்போம். வேலைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள்மேல் அவருக்கு இரக்கம் அதிகம். மேஜை துடைக்கிற சாக்கில் வந்து காதோரம் நான்கு பெயரையும் சொல்லிவிட்டுப் போவார். காசு வாங்க மாட்டார். விடியற்காலையிலிருந்து மூட்டை எண்ணிவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சலுகை நியாயம் என்றே எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

தேர்வு மதியம். அன்று ஃப்ளோராவுக்கு எடை ரூம். வெண்காரம், மணல் தூள், சோடா எல்லாவற்றையும் நிறுத்துக் கலக்குகிற இடம். கலீலுல்லா அரை நாள் அனுமதி கொடுத்திருந்தார். எடை ரூம் மேஸ்திரியோ, கையில் எடுத்த கலவையை முடித்துவிட்டுப் போ என்று பிடித்துக்கொண்டார். முடித்ததும் அங்கே வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாய் நின்று அவள் சேலையைத் தட்டிவிட்டு, ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறார்கள். பஸ்ஸைப் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். காதோர முடியெல்லாம் நரைத்த மாதிரி இருந்தது.

அண்ணாச்சி துணியோடு எங்கள் மேஜைக்கு வந்தார். எனக்குச் சொன்னார், நான் வாங்கிக்கொண்டேன். அவள் பக்கம் திரும்பி, "என்ன தாயி, இப்பிடி வேர்த்து விறுவிறுத்து வாற? நாலையும் சொல்லிருதேன், கேட்டுக்கோ" என்றார்.

"வேணாம் அண்ணாச்சி."

"ஏன் தாயி?"

"சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நான் இன்னா பண்றது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இதுக்கு நான் என்ன செய்ய என்பதுபோல் நானும் அவரைப் பார்த்தேன்.

அவள் வேலை செய்வது பார்க்க நன்றாக இருக்கும். பொடியில் அமிலம் விட்டதும் பொங்கியது. கார்பனேட் என்று குறித்தாள். பேரியம் கரைசல் விட்டதும் வெள்ளையாக அடியில் தங்கியது, சல்பேட். காஸ்டிக் சோடா போட்டுச் சூடாக்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "ஐஸ் கம்பெனி கொழா ஒழுகற வாடை" என்றாள். அமோனியா. கொஞ்சம் பொடியைத் தனியாக வறுத்தாள். சூட்டில் மஞ்சளானது, ஆறியதும் மறுபடி வெள்ளையானது. அதை இன்னும் இரண்டு முறை சூடாக்கி ஆற்றிப் பார்த்தாள். ஒரு முறையே போதும். துத்தநாகம் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அந்த நிறம் போய்ப் போய் வருவது பிடித்திருந்தது.

நான்கும் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அட்டவணைப்படி மிச்சம் இருந்த சோதனைகளையும் செய்தாள். கடைசியாக வெண்காரத்துக்கான சோதனை. பீங்கான் கிண்ணத்தில் பொடியைப் போட்டு, அமிலமும் ஸ்பிரிட்டும் விட்டுக் கொளுத்த வேண்டும். வெண்காரம் இருந்தால் தீயின் ஓரம் பச்சையாக எரியும்.

பச்சையாக எரிந்தது.

"தொரை," என்றாள் குரலை இறக்கி, "அஞ்சு வந்துக்கீது."

தப்பாக ஒன்றைச் சேர்த்து எழுதினால் சரியாக எழுதியதற்கும் மார்க் குறையும். எது தப்பு என்று தெரியாமல் ஒன்றை அடித்துவிட்டால் இன்னும் மோசம். பொட்டலம் அநேகமாகக் காலி. வேறு பொட்டலம் கேட்டாலும் மார்க் போகும். அண்ணாச்சி தூரத்தில் நின்று நான்கு விரலைக் காட்டி, பிறகு உதட்டை அசைக்கத் தொடங்கினார். ஃப்ளோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் செய்தது போலவே அந்தக் கிண்ணத்தைக் கழுவினாள், முந்தானையால் துடைத்தாள், பொடியே போடாமல் வெறும் அமிலத்தையும் ஸ்பிரிட்டையும் ஊற்றிக் கொளுத்தினாள். அப்போதும் பச்சை. இன்னொரு கிண்ணம் எடுத்துக் கழுவி, துடைக்காமல் அனலில் காட்டி உலர்த்தி, அதே மாதிரி கொளுத்தினாள். பச்சை இல்லை. சாதாரண நீலத் தீ.

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் இதற்குள் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார். "என்னம்மா இது? காலிக் கிண்ணத்தைக் கொளுத்திக்கிட்டிருக்கே?"

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். எக்ஸாமினரை ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முந்தானையின் ஒரு முனையைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் வற்றவைத்து, அமிலமும் ஸ்பிரிட்டும் விட்டுக் கொளுத்தினாள். இந்த முறை தீ முழுக்கப் பச்சை. ஃப்ளோரா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்த இடத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை. எக்ஸாமினர் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

"அத எழுதித் தொலைக்காதே" என்று நான் கெஞ்சினேன். "நாலு மட்டும் எழுது. உன் சேலையைப் பத்தி யார் கேட்டா?"

அவள் எழுதினாள். கண்டது ஐந்து, நான்கு பொடியில் இருப்பவை, ஐந்தாவது நான் கிண்ணத்தைத் துடைத்த சேலையிலிருந்து வந்தது, சேலைக்கு நான் வேலை செய்யும் எடை ரூமிலிருந்து வந்தது என்று முழு வாக்கியமாக எழுதினாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. லேப் வேலையைத் தானே தூக்கி வைக்கோலில் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் ஒவ்வொருவராக எக்ஸாமினர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவளுக்கு அடுத்து நான், பின்னாலேயே நின்றேன். அவர் தாளை நிதானமாகப் படித்தார்.

"நாலும் சரி. ஐந்தாவதை எழுதாம விட்டிருந்தா முழு மார்க். பாத்திரத்தைச் சேலையில துடைச்சேன்னு நீயே எழுதிக் கொடுத்தா நான் குறைச்சுத்தான் ஆகணும். இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"பச்சையா எரிஞ்சுது சார். எரியலன்னு எப்டி எழுதறது?"

அவர் பேனாவால் தாளில் ஒன்றைப் போட்டார், தாளைக் கவிழ்த்தார். வழக்கமாகச் சொல்லாததைச் சொன்னார். "கொஞ்சம் குறைச்சிருக்கேன். ஆனா பாஸ். போம்மா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. லேபில் இடம் நிச்சயம், பேக்கிங் இல்லை, வைக்கோல் இல்லை. அவள் நகர்ந்தால் என் முறை.

அவள் நகரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்தச் சேலைய நல்லாத் தட்டிட்டுத்தான் சார் வந்தேன். அப்பவும் இவ்ளோ ஒட்டிக்கினு கீது." முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். "அப்போ மூச்சுல உள்ள எவ்ளோ போயிருக்கும்? நான் போன மாசந்தான் அந்த ரூமுக்குப் போனேன். அங்க அக்காங்க பல வருஷமா அதுலயே கீறாங்க. அவுங்களுக்குள்ள எவ்ளோ இருக்கும் சார்? அத்தக் கண்டுபிடிக்க இன்னா டெஸ்ட்?"

எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றினார். சேலை முனையைப் பார்த்தார், காதோரம் இருந்த வெள்ளையைப் பார்த்தார். அண்ணாச்சி என் பெயரைக் கூப்பிட்டார். ஃப்ளோரா பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.