கோக்கோவுக்குப் பத்தியம்

குளிர்காலத்தில் சூடாகக் கோக்கோ குடிப்பது சொர்க்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனால், தனியாகக் குடித்துப் பார்த்தீர்களா என்று உடனே கேட்பேன். நான் குடித்திருக்கிறேன். கொல்லிமலையில், அறுபதுகளின் தொடக்கத்தில், சர்க்கார் கொடுத்த ஓர் ஓட்டு வீட்டில், மார்கழிக் காலையில். நாக்குக்கு இனித்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

நான் அப்போது பிரசவம் பார்க்கும் நர்ஸ். மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போட்டிருந்தார்கள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பெட்டியை ஒரு கூலியாள் தலையில் ஏற்றிவிட்டு நடந்தே மலையேறினேன். ஏறி மூன்று மாதமாகியும் ஒரு பிரசவத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். நான் தெருவில் நடந்தால் “ஊசிக்காரி வாராடோய்” என்று பிள்ளைகள் ஓட்டம் பிடிக்கும். பெண்கள் மரியாதையாகச் சிரிப்பார்கள், ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவுதான். வாசற்படி தாண்டி உள்ளே வந்து ஒருத்தியும் உட்காரவில்லை. பேச ஆளில்லாமல் அடுப்போடு பேசியிருக்கிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ‘சனியனே, எரியேன்’ என்று வைதால் அதுவும் ஒரு பேச்சுதானே. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்ச நேரம் எதிரே உட்கார ஒரே ஓர் ஆள்.

கோக்கோப் பழக்கம் பயிற்சிக் காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரி விடுதியில் ஒட்டிக்கொண்டது. வார்டன் அம்மாள் வெள்ளைக்காரி. மார்கழி விடிகாலையில் பெரிய குண்டானில் காய்ச்சி எங்கள் இருபது பேருக்கும் ஊற்றுவாள்; ஊற்றிக்கொண்டே கதை சொல்வாள். கடலுக்கு அப்பால் ஏதோ தேசத்தில் ராஜாக்கள் இந்தக் கொட்டையை அரைத்து, மிளகாய் போட்டு, இனிப்பே இல்லாமல் நுரைக்க நுரைக்கக் குடிப்பார்களாம். கப்பலில் கொண்டுபோன வெள்ளைக்காரர்கள் கசப்புத் தாங்காமல் சர்க்கரை சேர்த்தார்களாம். பால் சேர்ந்தது அதற்கும் பிறகாம். ரொம்பக் காலம் பெரிய வீட்டுப் பண்டமாகவே இருந்து, தூளாகி டப்பாவுக்குள் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டியதாம். கதை யாருக்கு வேண்டும்! டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து நிற்போம்.

மலையில் குளிர் எலும்பைத் தொட்டதும், சேலத்தில் வாங்கி வைத்திருந்த டப்பாவை வெளியே எடுத்தேன். பால் வேண்டுமே. பக்கத்து வீட்டில் ஏழெட்டு மாடு நின்றது. அந்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். செம்பை நீட்டி ஓர் ஆழாக்குப் பால் கேட்டேன். ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள்.

“நாங்க பாலு கறக்கறதில்லீங்க நர்சம்மா. கன்னுக்குட்டிக்கு ஊறுற பால நாம புடுங்கிக் குடிக்கலாமுங்களா?”

அந்த ஊரின் வழக்கமே அதுதான். மாடு உழவுக்கும் எருவுக்கும், பால் கன்றுக்கு. ‘நல்ல ஊர், நல்ல வழக்கம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். வெந்நீரில் தூளையும் வெல்லத்தையும் போட்டுக் கலக்கினேன். கஷாயம் மாதிரிக் கறுப்பாக இருந்தது. வாசனை மட்டும் விடுதி வாசனை. அந்த வாசனைக்குத்தான் அழுதேன்.

மறுநாள் காலையில் அவள் விறகுக்கட்டோடு என் வாசல் வழியே போனாள். “ஏனுங்கக்கா, வாங்க. சூடா ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்க” என்றேன். விறகை இறக்கிவிட்டு வந்தாள். படியில் நின்றபடியே டம்ளரை வாங்கினாள். கண்ணை இறுக மூடி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “பத்தியம் என்னங்க?” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவளைச் சொல்லி என்ன பயன்? நர்ஸ் கையால் கறுப்பாக, அடிக்கசப்போடு ஒன்று வந்தால் அது மருந்துதானே.

“பத்தியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா குளிருக்குக் குடிக்கறது.”

“பத்தியமில்லாத மருந்து கேக்குமுங்களா? புளி சேத்தலாமா, மொச்ச திங்கலாமா, சொல்லுங்க.” சொல்லிக்கொண்டே விறகைத் தூக்கக் குனிந்தாள்.

போகப் போகிறாள். எரிச்சலோ ஆற்றாமையோ, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். “இருக்குதுங்க பத்தியம். குடிச்ச உடனே போகக் கூடாது. வெயிலு இந்த வாசப்படி ஏறற வரைக்கும் உள்ள உக்காந்து பேசிட்டு இருக்கோணும். இல்லீன்னா கேக்காது.”

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் தன்னோடு இரண்டு பேரை அழைத்து வந்தாள். அந்த வாரமே ஐந்து பேர் ஆனார்கள். ‘காரமில்லாம என்ன மருந்து’ என்று ஒருத்தி மடியிலிருந்து மிளகை எடுத்துத் தட்டிப் போட்டாள். ராஜாக்கள் குடித்தது கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்கும். முதல் வாய் தொண்டையைப் பிடித்தது; இரண்டாம் வாய்க்கு நெஞ்சு முழுக்கக் கதகதவென்று இறங்கியது. பன்றி கிழங்கைத் தோண்டியது, மாமியார் கோபித்துக்கொண்டு போனது என்று ஊர்க்கதையெல்லாம் என் வீட்டில் நடந்தது. என்னைக் கேலி செய்யும் அளவுக்குக்கூட வந்துவிட்டார்கள். ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! கூடவே ஒரு குறுகுறுப்பு. படித்த நர்ஸ், பொய் சொல்லி ஆள் பிடிக்கிறேனே. டப்பா தீர்ந்தால் இவர்களும் போய்விடுவார்கள். அந்தப் பயத்தில் இரண்டு கரண்டி போட்ட இடத்தில் ஒன்று போட்டேன், பிறகு அரை போட்டேன்.

பொங்கலுக்கு முன்பே டப்பா காலியானது. “மருந்து தீந்துபோச்சுங்க” என்றேன். “செரிங்க” என்று எழுந்து போனார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என்னை நானே காறித் துப்பாத குறைதான். அடுப்பைக்கூட வையவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். “ரெண்டு நாளா ராகி அறுப்புங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, அது மருந்தே இல்லீங்க. பத்தியமும் இல்ல. நான் பொய்தான் சொன்னேன்.”

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“மருந்து குடுக்கறவங்க தாங்களும் கூடவே உக்காந்து குடிப்பாங்களா? தெனமும் நீங்களும் ஒரு டம்ளரு குடிச்சீங்க. நோவு உங்களுக்குத்தான்னு ரெண்டாம் நாளே பேசிக்கிட்டோமுங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இரக்கப்பட்டா வந்தார்கள்? முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். “எனக்கு வேலை கெடக்குது. நீங்க போங்கக்கா” என்றேன். குரல் உடைந்துவிட்டது.

“வெயிலு இன்னும் படியேறலீங்களே” என்றாள் அவள்.

அன்று மலை முழுக்க மூடுபனி. வெயில் சாயங்காலம் வரை வரவே இல்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.