ஒரு நடைக்கு ஒரு கூலி

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைச் சுவரோரக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார். வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இடது கை உயர்ந்துவிடும். மின்விசிறி நிற்க வேண்டும், மிக்சி நிற்க வேண்டும், முடிந்தால் வீட்டுக்காரரின் மூச்சும் கொஞ்சம் அடங்க வேண்டும். அரை நிமிடம். பிறகு காதை எடுத்து, "இங்க இல்ல. நாலடி தள்ளி, தரைக்கு அடியில முனகுது" என்பார். நாலடி தள்ளிப் பெயர்த்துப் பார்த்தால் ஈரம் இருக்கும்.

குழாய் வேலை செய்பவர்கள் அந்த வட்டாரத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். பட்டப்பெயர் இவர் ஒருவருக்குத்தான்: காதுக்காரர்.

காது சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடுவதுமில்லை. வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, தண்ணீர் மீட்டரைப் பார்த்து, சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் மணியோடு குறித்துக்கொள்வார். இருபது நிமிடம் கழித்து மறுபடி ஒரு தடவை. "என்ன அளவுங்கறது பாதிதாங்க. எப்ப எடுத்த அளவுங்கறது மீதி" என்பார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், டீ குடித்தது, பெட்ரோல் போட்டது, வாஷர் வாங்கியது எல்லாவற்றுக்கும் அந்த நோட்டில் மணி உண்டு. அவர் மனைவி சொல்வார்: "நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பினாக்கூட, 'படியிறங்கினது ஒம்பது பத்து'ன்னு எழுதி வெச்சுட்டுதான் பின்னாடி ஓடி வருவாரு."

கூலி விஷயத்திலும் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு குழாய்க்கு என்று கூப்பிட்ட வீட்டில் இன்னும் இரண்டு சொட்டினால், அவற்றையும் சரிசெய்துவிட்டு வாஷர் விலையை மட்டும் சேர்த்துக்கொள்வார். கூலி ஒன்றுதான். "ஒரு நடைதான வந்தேன்? அப்புறம் எப்படி மூணு கூலி கேக்கறது?"

இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியவருக்குப் போன மாதம் ஒரு பெரிய கதவு திறந்தது. நூற்றிருபது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், வருடம் முழுக்கக் குழாய்ப் பராமரிப்பு ஒப்பந்தம். சங்கத்துக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. ஆறு மாதத்தில் கணக்கில் இருந்ததைத் தாண்டி அவர் பணம் எடுத்ததில்லை என்று வங்கியிலிருந்து ஒரு கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை கவுன்டரில் இருந்த இளைஞன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இருப்புக்கு மேல எடுத்திருக்கீங்களே. ஒரே நாள்ல நாலு தடவை. தடவைக்கு ஐந்நூறுன்னு ரெண்டாயிரம் அபராதமும் புடிச்சாச்சு. லெட்டர் கிடைக்காதுண்ணே."

வீட்டுக்கு வந்து அந்த நாளின் வங்கிக் கணக்குத் தாளையும் தன் நோட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"காசில்லாம கார்டைத் தேய்ச்சா அவன் கொஞ்சுவானா? பேசாம கட்டினது கட்டினதுன்னு விடுங்க" என்றார் மனைவி.

"காசில்லாம தேய்க்கலம்மா."

"பாங்க்காரன்கிட்டப் போயி ஜெயிச்சவங்க யாரு நம்ம வகையறாவுல?"

காதுக்காரர் தாளை வரி வரியாக விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தித் தலையைச் சாய்த்தார். "இங்கதான் முனகுது."

மறுநாள் காலை மேலாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். மேலாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற ரகம். நல்ல மாதிரி அம்மாள்தான், ஆனால் அவசரக்காரர். "நாலு தடவை தாண்டியிருக்கீங்க, நாலு அபராதம். எல்லாருக்கும் இதே விதிதாங்க. வேணும்னா பாதியைக் கழிச்சுத் தரச் சொல்றேன், ஒரு சலுகையா."

"சலுகை வேண்டாங்க மேடம். தாண்டினா அபராதம் போடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். உங்க காசை எடுத்தா நீங்க சும்மா விடணுமா என்ன? ஆனா தாண்டாம நின்னவனை நீங்களே புடிச்சுத் தள்ளிட்டு, 'ஏன் தாண்டினே'ன்னு கேட்டா?"

பணம் கட்டிய சீட்டின் பின்பக்கம் ஒரு தொட்டி வரைந்தார். "காலையில தொட்டியில ரெண்டாயிரத்து நூறு. பத்து நாப்பதுக்கு உங்க வாசல் மெஷின்ல ஒம்பதாயிரம் போட்டேன். சீட்டுல மணி இருக்கு. பதினொண்ணு இருபது, குழாய் மரையில சுத்துற டேப்பு அறுபது. பன்னெண்டு பத்து, பெட்ரோல் முந்நூறு. ஒண்ணரைக்குக் குழாய், எண்ணூத்தி நாப்பது. நாலு மணிக்கு என் மோட்டார் மெஷினோட தவணை ஆறாயிரத்து ஐந்நூறு போச்சு. மிச்சம் மூவாயிரத்து நானூறு. தொட்டி எங்க மேடம் காஞ்சுது?"

மேலாளர் திரையைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே. ராத்திரிதான் மொத்தமா வரிசைப்படுத்தும். வரவு கடைசியில வரும்."

"அதேதாங்க. பெரிய வால்வை முதல்ல தொறந்து, ஆறாயிரத்து ஐந்நூறையும் விட்டாச்சு. தொட்டி காலி. அப்புறம் சின்னது மூணும் வரிசையா வந்து நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அபராதம். எல்லாம் முடிஞ்சப்புறம் என் ஒம்பதாயிரத்தை ஊத்தறீங்க. அறுபது ரூபாய்க்கு வாங்கின டேப்புக்கு ஐந்நூறு மேடம்! சரி, என் பணம் மறுநாள்தான் வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். வாங்கின வரிசையில கழிச்சுப் பாருங்க. டேப்பு, பெட்ரோல், குழாய் மூணும் இருந்த காசுலயே போயிடும். தவணை ஒண்ணுதான் தாண்டும். அப்பவும் ஒரு அபராதம்தான? நாலு எப்படி வந்துச்சு?"

மேலாளர் கால்குலேட்டரை இழுத்தார். ஒரு முறை தட்டினார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மறுமுறை தட்டினார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது; வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். முதலில் "ஆமா சார்" என்று தொடங்கிய பேச்சு, கொஞ்ச நேரத்தில் "இல்ல சார், நீங்களே மணியைப் பாருங்க" என்று திரும்பியது. கடைசியில், "எனக்கு எழுத்துல வேணும் சார்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

போனை வைத்தபோது மேலாளர் முகம் சிவந்திருந்தது, ஏதோ தானே ஜெயித்தது போல. "ரெண்டாயிரமும் திரும்ப வருது. இருப்பைத் தாண்டினதா போட்ட நாலு குறிப்பையும் எடுத்துடறாங்க. தவறா போட்டதுன்னு எழுதியே தர்றாங்க. உங்க லெட்டர் இப்பவே ரெடி பண்றேன்."

காதுக்காரர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். "வகையறாவுல ஒருத்தன் ஜெயிச்சாச்சு. எழுதிக்கோ, பதினொண்ணு அம்பத்திரெண்டு." அந்தப் பக்கம் மனைவி போட்ட கூச்சல், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் வரிசைக்கே கேட்டது. வரிசையில் ஒரு பெரியவர் தன் பாஸ்புத்தகத்தைப் பையிலிருந்து உருவினார். இன்னொருவர், "அண்ணே, என்னோடதையும் ஒரு பார்வை பாருங்கண்ணே" என்று முன்னால் வந்தார். "மணி எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார் இவர், டாக்டர் மாதிரி.

கடிதம் அச்சாகி வருவதற்குள் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "மேடம், பின்னாடி கழுவுற இடத்துல எத்தனை குழாய்?"

"மூணு. ஏன்?"

"மூணும் சொட்டுது."

மேலாளர் சிரித்துவிட்டு, "பார்த்துட்டு பில் குடுங்க" என்றார். காதுக்காரர் வண்டியிலிருந்து பையை எடுத்து வந்தார். இருபத்தைந்து நிமிடம் உள்ளே ஸ்பேனர் திருகும் சத்தம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தபோது, அதே இளைஞன் கடிதத்தை நீட்டினான்.

"மூணு குழாயாமே. மூணு கூலியாண்ணே?"

கடிதத்தை இரண்டாக மடித்து நோட்டுக்குள் வைத்தார். அதே நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதினார்: உள்ளே போனது பன்னிரண்டு ஐந்து, வெளியே வந்தது பன்னிரண்டு முப்பது. வாஷர் மூன்று. கூலி ஒன்று. தாளைக் கிழித்து, கவுன்டர் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். இளைஞன் இழுத்தான், தாள் வரவில்லை. அவர் விரல் அந்த 'ஒன்று' என்ற சொல்லுக்கு அடியில் ஊன்றியிருந்தது, அவன் படித்து முடித்துத் தலையை நிமிர்த்துகிற வரைக்கும்.