நீலமாகிப்போன கைக்குட்டை

எழுபதுகளின் தொடக்கம். கோவையில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். குற்ற வழக்குத் தடயங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில், வெளியூரில், கோடை விடுமுறைப் பயிற்சி கிடைத்தது. திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்திவந்த அப்பா, பொட்டப்பிள்ளைக்குக் கொலைகாரன் சட்டையோடு என்ன வேலை என்று முனகிக்கொண்டேதான் ரயிலேற்றிவிட்டார்.

அங்கே போனால் பெரும்பாலும் சோதனைக்குழாய் கழுவும் வேலைதான். ஆனாலும் ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தார்கள். கறைபட்ட துணியிலிருந்து ஒரு நூலை உருவி, முதலில் ஒரு மருந்து விட வேண்டும். அடுத்து ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. நீலமானால் இரத்தமாக இருக்கலாம். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. குங்குமம், நகப்பூச்சு, சிவப்பு மை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்தேன். ஒன்றும் நீலமாகவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்தே ஒரு வழக்கு வந்தது. பனியன் துணியை வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் பனியன். பக்கத்து வீட்டுக்காரரைக் கொன்றதாக அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பனியனில் மங்கலாக ஒரு பழுப்புக் கறை. அது வெற்றிலைக் கறை என்றாராம். எங்கள் அதிகாரி இரண்டு சொட்டையும் அடுத்தடுத்து விட்டுச் சோதித்தார். நீலம். உறுதிப்படுத்தும் அடுத்த சோதனைக்குக் கறை போதவில்லை. 'இரத்தமாக இருக்கலாம்' என்று அறிக்கை தயாரானது. அந்த ஒரு வரியே அவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோகலாம் என்று கூட இருந்த மாணவி சொன்னாள்.

மறுநாள் சோதிக்க எதுவும் அகப்படவில்லை. வெறும் துணி என்ன ஆகும், பார்ப்போமே என்று என் வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு நூலை உருவினேன். பளிச்சென்று நீலம்! யாரைக் கொன்றுவிட்டு வந்தாய் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். விடாமல் மறுபடி செய்தேன். இரண்டாவது சொட்டு விடும் முன்பே நீலம் வந்துவிட்டது. இரத்தமென்றால் பெராக்சைடு விட்ட பிறகுதானே நீலமாக வேண்டும்? கைக்குட்டையை மோந்து பார்த்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாடை. சலவைப் பட்டறையிலிருந்து வந்த துணியில் அம்மா தைத்துக் கொடுத்தது. நான் இன்னும் ஒரு தடவைகூட அலசவில்லை.

அந்தத் தொழிலாளியின் பனியன் நினைவுக்கு வந்தது. பயிற்சிக்கு வந்தவள் அதிகாரியிடம் போய் எப்படிச் சொல்வது? ஆனாலும் போய் நின்றேன்.

"சார், அவரு நாளெல்லாம் ப்ளீச்சிங் தொட்டியில வேல செய்யறவருங்க. கறையில்லாத எடத்துல ஒரு நூல் எடுத்துப் பாருங்க சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பனியனின் தோள்பக்கத்திலிருந்து ஒரு நூலை எடுத்தார். முதல் சொட்டிலேயே நீலம். அறிக்கையில் அந்த வரியை அடித்து, 'இரத்தம் என்று கூற இயலாது' என்று எழுதினார்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செரி, அந்த ஆளு கொன்னானா இல்லியா கண்ணு?"

"தெரியாதுங்கப்பா."

"இதச் சொல்லத்தான் அத்தன தொலவு போய்ப் படிச்சுட்டு வந்தியாக்கு?"

அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை கொன்றவராகவே இருந்திருந்தால் என்ற நினைப்பும் அவ்வப்போது வந்து உறுத்தும். ஆனால் பின்னாளில் நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலமெல்லாம், 'தெரியாது' என்று சொன்ன ஒரு மாணவியையும் நான் தலைகுனிய விட்டதில்லை.