கொடுவாவோடு பயணம் போன பேரிங்

பனிச்சங்கேணிக் கனகசூரியத்தார் தொட்டுத் திருத்தாத பொருள் அந்த ஊரில் அனேகமாக இல்லை. தோணி எஞ்சின், தண்ணீர் மோட்டர், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் என்று அவருடைய திருப்பணி நீளமானது. எல்லாம் மறுபடி ஓடின. எல்லாவற்றிலும் ஓர் ஆணி மிஞ்சியது. மிஞ்சியவற்றை ஒரு பால்மாப் பேணியில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார். கம்பனிக்காரன் தேவையில்லாமல் போட்ட ஆணிகள் என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு எதிராக யாரும் மேல்முறையீடு செய்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கார் கலங்கடித்தது. கட்டாருக்குத் திரும்பிப் போன மருமகன் விட்டுவிட்டுப் போன பழைய கார். அதன் பின்பக்கத்து வலது சில்லுக்குள் ஓர் இரைச்சல் குடிவந்திருந்தது. முதலில் வண்டு போல முரன்றது. பிறகு நெல்லு மில் போல அரைத்தது. போன தடவை களுதாவளைக்குப் போனபோது, கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் ஹெலிகொப்டர் வருகிறதென்று வானத்தைப் பார்த்தார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளையின் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். சீதேவிப்பிள்ளை தன் முடிவைச் சோறு போட்டுக்கொண்டே அறிவித்தாள்.

"இந்தச் சத்தத்தோட போனா கல்யாணச் சனம் பதுங்கு குழி தேடும். வெள்ளிக்கிழமையும் இரைஞ்சா நான் பஸ்ஸில போவன். காரை மறுகா பழைய இரும்புக்குக் குடுத்திரலாம்."

சில்லுக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது, புதிது போட்டால் சரி என்பது கனகசூரியத்தாருக்குத் தெரியும். ஆனால் கராஜில் விட மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வாசலில் போய் நிற்பதா? வீட்டிலேயே மாற்றுவதென்று முடிவெடுத்து, கருவி வாங்க ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினார்.

அப்துல் கபூரின் கடைக்குள் காலடி வைத்தவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். சுவர் முழுக்கக் கருவிகள், எண்ணெய் பூசி மினுங்கின. இறுகியதைக் கவ்வி இழுக்க நண்டு போல மூன்று கால் விரித்த புல்லர். கம்பியில் வழுக்கி ஓடி இடிக்கும் இழுப்புச் சுத்தியல். மூலையில், எதையும் அழுத்தி இறக்கும், பலிபீடம் போன்ற ஒரு பிரஸ். எதைப் பார்த்தாலும் அது இல்லாமல் இத்தனை காலம் எப்படி வாழ்ந்தோம் என்றிருந்தது. புல்லரைக் கையிலெடுத்தார். அதன் கால்களை விரித்தும் மடக்கியும் பார்த்தார்.

கபூர் அவசரப்படவில்லை. அவர் இப்படி எத்தனையோ அடியார்களைக் கண்டவர்.

"அண்ணன், சில்லைக் கழட்டிப் பாத்தீங்களா?"

இல்லை என்றார் கனகசூரியத்தார்.

"பேரிங் எங்க, எப்படி இருக்குதெண்டு பாக்காம எந்தச் சாமானை எடுக்கிற? போய்க் கழட்டிப் பாத்திட்டு வாங்க."

கடை வாசலில் நின்று செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். கழற்றிப் பார்த்தார். பேரிங், சில்லுக்குப் பின்னாலிருந்த பிரேக் ட்ரம்மின் நடுக்குழிக்குள் இறுகி உட்கார்ந்திருந்தது. வெளியே வராதபடி ஓர் எஃகு வளையம் அதைக் காவல் காத்தது. மறுநாள் ட்ரம்மைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கபூரின் முன் வைத்தார்.

நண்டுக்கால் புல்லருக்கு இங்கே வேலையில்லை என்றார் கபூர். இழுப்புச் சுத்தியலும் வேண்டாம். புதுப் பேரிங் ஒன்று, நடு நட்டைக் கழற்றப் பெரிய சொக்கற் ஒன்று, காவல் வளையத்தைக் கிள்ளி எடுக்க மூக்குக் குறடு ஒன்று. சுத்தியல் வீட்டில் உண்டு.

"பிரஸ்?" என்று கனகசூரியத்தார் ஏக்கத்தோடு மூலையைப் பார்த்தார்.

"உங்கட ஊரில ஐஸ் இருக்கு, வெயில் இருக்கு. பிரஸ் எதுக்கு? பேரிங்கை ஐஸில வைங்க, சுருங்கும். ட்ரம்மை வெயிலில வைங்க, விரியும். பழைய பேரிங்ட வெளி வளையத்தை மேல வைச்சித் தட்டுங்க. நடுவில மட்டும் தட்டிராதீங்க."

கடைசியாகக் கபூர் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார். உள்ளே டோர்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவைப் பிடியில் வைத்துவிட்டால், அளவு வந்ததும் அதுவே 'டிக்' என்று சொல்லுமாம். கனகசூரியத்தாருக்கு உடம்பு சிலிர்த்தது. போதும் என்று தானாகச் சொல்லத் தெரிந்த ஒன்றை அவர் கல்யாணப் பந்தியிலும் கண்டதில்லை, தேர்தல் மேடையிலும் கண்டதில்லை. அதைப் பச்சைப் பிள்ளை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வியாழக்கிழமை காலை பழைய பேரிங்கை அடித்து வெளியே எடுத்தார். அதன் குண்டுகள் அம்மை போட்ட முகம் போலிருந்தன. ட்ரம்மை முற்றத்தில் தகரத்தின் மேல் வெயிலுக்கு வைத்தார். புதிய பேரிங்கைப் பொலித்தீனில் இறுகக் கட்டினார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அவருக்குத் தடைசெய்யப்பட்ட பிரதேசம். முன்னொரு நாள் அதற்குள் வைத்த மோட்டர்ச் சாமானால் தயிரெல்லாம் கிறீஸ் மணத்தது. ஆகவே சீதேவிப்பிள்ளை காணாமல், கொல்லையிலிருந்த மீன் பெட்டியில், கொடுவாக்களுக்கு அடியில், ஐஸுக்குள் புதைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கை கழுவிக்கொண்டு வந்தபோது பெட்டி இல்லை.

"புள்ள, மீன் பெட்டி எங்க?"

"உசனார் காக்கா கொண்டு போயிட்டார். எண்டைக்கும் கொண்டு போற மனிசன்தானே."

ஓட்டமாவடி மீன் வியாபாரி உசனார் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து, அவர்கள் விற்கிற மீனைப் பெட்டியோடு ஏற்றிப் போகிறவர். இருபது வருடம் கரையில் வாழ்ந்தவருக்கு அது எப்படி மறந்தது என்று கேட்டால், மேதைகளுக்கு அப்படித்தான். நடந்ததைக் கேட்ட சீதேவிப்பிள்ளை ஏசவில்லை. நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்தாள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

உசனாரின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் அவரே திருப்பி எடுத்தார்.

"அண்ணன், உங்கட கொடுவா பேரிங் தின்னுதா? சந்தையில சனமெல்லாம் சுத்தி நிண்டு பாக்குது. ஒராள் விலையும் கேட்டிட்டார்."

கொண்டு வரும்படி கனகசூரியத்தார் மன்றாடினார். உசனார் புது ஐஸ் போட்டு, பெட்டியோடு திரும்பி வந்தார். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, ட்ரம்மைச் சாக்கில்லாமல் தொட ஏலாதபடி காய்ந்திருந்தது. பேரிங்கோ, போக வர ஐஸிலேயே பயணம் செய்து, கையில் பிடிக்க விரல் விறைத்தது. கனகசூரியத்தார் அதைக் குழியில் நேராக வைத்தார். பழைய வளையத்தை மேலே வைத்துத் தட்டினார். இறங்கியது. சுற்றி மாற்றித் தட்டத் தட்ட, அடம்பிடிக்காமல் இறங்கியது. கடைசித் தட்டில் ஓசை மாறியது. வெற்றுக் குடம் நிறைந்தாற்போல். உசனார் மெல்ல, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். சீதேவிப்பிள்ளை அடுப்பில் பால் வைத்ததை மறந்து நின்றாள்.

காவல் வளையம் ஏறியது. ட்ரம் ஏறியது. நட்டு ஏறியது. டோர்க் ரெஞ்சைப் பூட்டி இழுத்தார். மூவரும் மூச்சை அடக்கினார்கள்.

டிக்.

நிலத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார். ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குத் தன் வேலையில் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை கார் புறப்பட்டது. பனிச்சங்கேணிப் பாலத்தில் காற்றின் ஓசை கேட்டது. வாழைச்சேனை தாண்டியதும் சீதேவிப்பிள்ளையின் வளையல் கிலுங்குவது கேட்டது. அந்தக் காருக்குள் அப்படியொரு ஓசை உண்டென்றே அவருக்குத் தெரியாது. கல்லடிப் பாலத்தில் தூண்டிற்காரர் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. கனகசூரியத்தார் கோயிலுக்குள் நடப்பவர் போல மெதுவாக ஓட்டினார்.

களுதாவளைக்குக் கிட்டப் போனதும் சீதேவிப்பிள்ளை தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, இடது பக்கத்துச் சில்லுக்குள்ள ஒரு வண்டு முரலுது."

அவரும் கேட்டார். உண்மைதான். வலப்பக்கத்து மூத்தவனின் பெருங்குரலில் இத்தனை காலம் மறைந்து கிடந்த இளையவன். கார் பழைய இரும்புக் கடைப்பக்கம் உருளத் தொடங்கியதாகவே அவருக்குத் தோன்றியது.

சீதேவிப்பிள்ளை கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"உசனார் காக்கா, நாளைக்கு ஐஸ் கொஞ்சம் கூடப் போட்டுக் கொண்டு வாங்க. ஓம், பேரிங்தான்."