நஞ்சுப்பச்சை

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை ஏழே கால். மொன்றியலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று விசயதசமி. கோட்-டெ-நெய்ஜில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், பேத்திக்கு ஏடு தொடக்கவென்று தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, குடும்ப வழக்கப்படி முதல்நாள் இரவே அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்திருந்தேன். என் பூட்டனார் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் பரிசாகப் பெற்ற ஆங்கில நூல். நூற்றைம்பது வருடம் கடந்தும் மங்காத பச்சைத் துணி அட்டை. ஊரை விட்டு வந்தபின் இத்தனை காலமும் பெட்டியின் அடியில் கிடந்தது.

பேத்தியின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதப் போனபோது, மருமகள் ஹன்னா பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கினாள். அவள் ஜெர்மன்காரி, பழைய நூல்களைச் செப்பனிடுவது அவள் தொழில்.

"கிஃப்ட்குறூன்!" என்றாள்.

"நஞ்சுப்பச்சையாம், அப்பா," என்றான் மகன்.

"விசர்க்கதை கதையாதை. நாங்கள் எல்லாரும் இதிலதானே ஏடு தொடங்கினது?"

"மாமா, பேந்து சண்டை பிடிப்பம். முதல்ல கையைக் கழுவுங்கோ," என்றாள் ஹன்னா, மகனிடம் கற்ற தமிழில்.

அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் ஆர்செனிக் என்ற பாஷாணத்தைச் செம்போடு சேர்த்து இந்தச் சாயத்தைச் செய்தார்களாம். சுவர்த்தாளிலும் துணியிலும் புத்தக அட்டையிலும் பூசினார்களாம். ஆட்கள் நோயில் விழுந்த பிறகுதான் அந்த நிறத்தின் பெயரில் நஞ்சு வந்து சேர்ந்ததாம்.

சிறுவயதில் அந்த அட்டையைத் தொட்டால் விரலில் பச்சைத்தூள் ஒட்டும். அதைச் "சரசுவதியின்ர திருநீறு" என்று அம்மா எங்கள் நெற்றியில் பூசுவார். அந்த அரிசியிலேயே மத்தியானம் பொங்கலை, எங்கள் பேச்சில் "புக்கை", பொங்குவார். பிறகு பிள்ளைகள் எங்கள் நான்கு பேருக்கும் வயிற்றுக்குத்து வரும்; "கடலை கூடிப்போச்சு" என்பார் அப்பா. எனக்கு ஏழு வயதான வருடம் ஏடு தொடங்கிய தம்பி, முதல் வாய்ப் புக்கை உண்டவன், வாந்தியும் வயிற்றோட்டமுமாக மூன்றாம் நாள் இறந்தான்.

பூசைக்கு வந்து, "என்ன வடிவான பிள்ளை!" என்று அவன் கன்னத்தைத் தொட்ட பக்கத்து வீட்டு அன்னம் மாமியின் "நாவூறு"தான் காரணம் என்று முடிவாயிற்று. "அவளின்ர கண்தான் என்ர பிள்ளையைத் திண்டது," என்று அம்மா சாகும்வரை சொன்னார். இரு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஆட்கள் புகுந்து போய்வர இருந்த "பொட்டை" அப்பா அடைத்தார். மாமி பிறகு எங்கள் படலையைத் திறக்கவே இல்லை.

பேத்திக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அட்டையைச் சோதனைக்குக் கொடுத்தேன், பாஷாணமேதான். தம்பி அதனால்தான் போனான் என்று இனி எவராலும் உறுதி சொல்ல முடியாது. இதைக் கேட்க அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. போருக்குப் பின் அந்த இரண்டு வீடுகளும் இல்லை. எழுபத்தொரு வருடமாக ஒரு மனுசியின் கண்ணைப் பழித்துவிட்டோமோ என்று கேட்கத் தொடங்க எனக்கு ஆன சோதனைச் செலவு, வரியோடு, நூற்றெண்பத்தாறு டொலர்.