நாலு மூலை மெழுகு

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். ஆராய்ச்சிப் படிப்பில் ஐந்தாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தபோதும் அது மாறவில்லை. தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு விளக்குவாள். கை முறிந்தால் எக்ஸ்ரே எடுப்பதில்லையா, அதுபோல இவள் செல்போன் சில்லு செய்கிற படிகத்துக்கு எடுக்கிறாள். உள்ளே அணுக்கள் வரிசை தப்பி நின்றால் படத்தில் கோடாகத் தெரியும். கேட்டவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, முழங்கால் வலிக்கு டாக்டரம்மாவிடம் ஒரு மருந்து கேட்டுச் சொல்லச் சொல்வார்கள்.

சின்னவள் வேலையில் கெட்டி. ஒரு படம் எடுக்கப் பகல் முழுக்க ஆகும். நகத்தளவு படிகத்தைப் பித்தளைத் தாங்கியில் மெழுகு உருக்கி ஒட்டி, ஈயக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்துக் கிடக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருமுறை மெழுகு நெகிழ்ந்து, படிகம் இம்மி நகர்ந்து, ஒரு நாள் பாடு வீணாயிற்று. அன்றோடு ஒரு மூலையில் மட்டும் ஒட்டுவதை விட்டு, நாலு மூலையிலும் ஒட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எந்தப் படமும் கலங்கவில்லை.

அந்தப் படங்களில்தான் வில்போல வளைந்த கோடுகள் தெரிந்தன. அணு வரிசையில் அதுவரை யாரும் கண்டு எழுதியிராத ஒரு புதுக் குறை. கைடு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆய்வேட்டில் பாதி அந்தக் கோடுகளின்மேல்தான் எழுந்து நின்றது. அடுத்த மாதம் கொடுக்க வேண்டும்.

அட்டைக்கு அழகாக ஒரு படம் இருக்கட்டுமே என்று அந்தப் படிகங்களில் ஒன்றை இன்னொரு தடவை வைத்தாள். மாலையில் திறந்தபோது ஒரு மூலையில் மெழுகு விட்டுப்போயிருந்தது. படம் என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த மூலையில் மட்டும் வில் இல்லை.

மறுநாள் ஒரே மூலையில் ஒட்டி எடுத்தாள். எங்குமே வில் இல்லை. மெழுகு ஆறும்போது சுருங்கும். நாலு பக்கமும் பிடித்திருந்தால் படிகத்தை இழுத்து வளைக்கும். இத்தனை காலம் அவள் படம் பிடித்தது அந்த இழுவையை.

அந்த இரண்டு படங்களையும் கிழித்துப் போட்டால் கேட்க ஆளில்லை. பரீட்சிக்கிறவர்கள் மெழுகைப் பார்க்கப் போவதில்லை. குழாயடியில் வெகுநேரம் தாங்கியைக் கழுவிக்கொண்டு நின்றாள். களைப்பில் அழுகைகூட வரவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, படங்களோடு சாரின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"நாலு மூலையிலயுமா ஒட்டுன?"

"ஆமா சார். அசையக் கூடாதுன்னு."

"அசையாம கட்டிப் போட்டுட்டோம். அது வலி தாங்காம முனகியிருக்கு. நாம அதைப் புதுக் குறைன்னு எழுதிட்டோம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தாமும் மூன்று கூட்டங்களில் இதைப் பேசியாயிற்று என்று மெல்லச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்தார். "எல்லா சாம்பிளையும் திரும்ப எடு. ஒரு மூலைதான். ஒரு வருஷம் தள்ளிப் போகும்மா."

அதை அக்காவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. போனில் சொல்லி முடித்ததும் மறுமுனையில் மிஷின் சத்தம் நின்றது.

"அடுத்த மாசம் நீ டாக்டர்னு தெருவுக்கே சொல்லிட்டேனேடி."

"தெரியும்க்கா."

"வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் பார்த்தேன்."

"நீயே போய்ச் சொன்னியா?"

"ம்."

அக்கா, தெருவில் கேட்பவர்களைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், இந்தத் தடவை யாருக்கும் மாதக் கணக்குச் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னவள் பெட்டியைத் திறந்து முதல் படிகத்தை எடுத்தாள். மூலைகளில் பழைய மெழுகு மஞ்சளாக ஒட்டியிருந்தது. பஞ்சைக் கரைப்பானில் நனைத்து, ஒவ்வொரு மூலையாகத் துடைக்க உட்கார்ந்தாள்.